சாம்பார்ல இருந்து ஆரம்பிங்க!

நம்ம தெருவுல, அபார்ட்மென்ட்ல பசங்களுக்கு விவசாயத்தைப் பத்தி ஏதாவது செய்யணும்னா, முதல்ல மைக்கையும் பேனரையும் ஓரம் கட்டுங்க. 'உழவரைக் காப்போம்'னு அரை மணி நேரம் பேசினா, கை தட்டிட்டு சமோசாவைச் சாப்பிட்டுப் போயிடுவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை, சாம்பார் சாமான்ல வீட்டுக்கு ஒண்ணா மொட்டை மாடிக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. சுவத்துல ஒரு மேப். எந்தச் சாமானுக்கு எந்த ஊருன்னு பசங்க ஊகிக்கணும். முருங்கைக்காய்க்கு அரவக்குறிச்சி, சின்ன வெங்காயத்துக்குப் பெரம்பலூர், மஞ்சளுக்கு ஈரோடு... இதெல்லாம் பெரியவங்க சொல்லிடுவாங்க. கடுகு அதிகமா விளையறது ராஜஸ்தான்லன்னதும் கொஞ்சம் முழிப்பாங்க. துவரை இங்கே விளையறது பத்தாம மியான்மர், மொசாம்பிக்ல இருந்தெல்லாம் கப்பல்ல வருது. பெருங்காயப் பிசின் பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான் சரக்கு. நம்ம நாட்டுல இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்குல நட ஆரம்பிச்சதே 2020லதான். அதனால இந்திய மேப் வாங்காதீங்க, உலக மேப்பே வாங்கிடுங்க.

அடுத்து, வாளியில நெல். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். பழைய பெயிண்ட் வாளி போதும், அடியில ஓட்டை போட வேண்டாம். களிமண்ணோட மக்கின தொழுவுரம் கலந்து, நல்லா வெயில் படற இடத்துல வைங்க. வேளாண்மை விரிவாக்க மையத்துல கோ 51 மாதிரி குறுகிய கால ரகமா கேளுங்க. 105, 110 நாள்ல அறுப்புக்கு வந்துடும். விதையை ஒரு ராத்திரி ஊறவெச்சு, ஈரத்துணியில கட்டிவெச்சா முளை விடும். தண்ணி எப்பவும் தேங்கி நிக்கணும்னு நினைக்காதீங்க. விவசாயிங்க சொல்ற மாதிரி 'காய்ச்சலும் பாய்ச்சலுமா' விடுங்க; வாரம் ஒரு தடவையாவது வாளி வத்தினாத்தான் கொசு முட்டையிட்டுப் பெருகாது, அபார்ட்மென்ட் செக்ரெட்டரியும் சண்டைக்கு வர மாட்டார்.

கதிர் வந்ததும் ஒரு மணியை நகத்தால அழுத்தச் சொல்லுங்க. வெள்ளையா பால் கசியும். அந்தப் பால்தான் இறுகி அரிசியாகுதுன்னு புரியறப்போ பசங்க முகத்தைப் பார்க்கணுமே! அந்தப் பருவத்துலதான் குருவியும் வரும். காவல் காக்கிற வேலையை அவங்ககிட்டயே விட்டுடுங்க. அறுத்து, காயவெச்சு, உமி நீக்கினா கைப்பிடி அரிசி தேறினாலே பெரிசு. மில்லுலயே 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 65 கிலோ அரிசிதான். இந்தக் கணக்கை வாளி பக்கத்துலயே எழுதி மாட்டுங்க.

அப்புறம், பசங்களை உழவர் சந்தைக்குக் கூட்டிட்டுப் போங்க. 1999ல மதுரையில தொடங்கின திட்டம், இப்போ பல ஊர்ல இருக்கு. விலை போர்டுலயே இருக்கும், பேரம் பேசற வேலை மிச்சம். அந்த நேரத்துல விவசாயிங்ககிட்ட பேச்சுக் கொடுங்க. ஆனா காலையில கூட்டம் நெரியறப்போ கேள்வி கேட்டா யாருக்கும் எரிச்சல் வரும், கொஞ்சம் ஓயட்டும். எடுத்ததும் "ஆர்கானிக்கா?"ன்னு கேக்காதீங்க. "எந்த ஊருங்கண்ணா? கிணத்துத் தண்ணியா, வாய்க்கால் பாசனமா? இந்தத் தடவை கட்டுப்படி ஆச்சா?"ன்னு கேளுங்க. பழகிட்டா, "தோட்டத்துக்கு வாங்க"ன்னு அவங்களே கூப்பிடுவாங்க.

போறதுன்னா முதல் நாளே போன் பண்ணிடுங்க. நடவு, அறுப்பு நாள்ல கும்பலா போய் வேலையைக் கெடுக்காதீங்க. சாப்பாட்டை நீங்களே கட்டிட்டுப் போங்க. செல்ஃபிக்காக வரப்பை மிதிச்சு உடைக்கக் கூடாதுன்னு பஸ் ஏறறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, முக்கியமா அப்பாக்கள்கிட்ட.