ஏழு நாள் முகாம் முடிந்த பிறகு செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?



"எங்க வீட்டுப் பூசணிக்கொடி நல்லாத்தான் பூக்குது அக்கா. ஆனா பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுந்துடுது. உரமும் வெச்சுப் பாத்தாச்சு."

குழுக் கூட்டத்தில் இப்படிப் பேச்சு வருவது உண்டு. இதற்குத் தண்ணீர்க் குறை, பழ ஈ என்று பல காரணங்கள் இருக்கலாம். நாம் யோசிக்காத காரணம் ஒன்றும் உண்டு. பூவுக்குத் தேனீ வரவில்லை.

தேனீ என்ன செய்கிறது?

பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண் பூவின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீதான் காலிலும் உடம்பிலும் சுமந்து வர வேண்டும். பூசணிப்பூ விடியற்காலையில் மலர்ந்து மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வராவிட்டால் பிஞ்சு நிற்காது.

பூசணி பூக்காத மாதங்களிலும் தேனீக்கு வயிறு உண்டு அல்லவா? தும்பை, துளசி, நொச்சி, ஆவாரை, புங்கம், முருங்கை இவைதான் அதற்குச் சோறு போடுபவை. இவற்றில் பலவற்றைக் களை என்று வெட்டிவிட்டு, பூங்காவில் குரோட்டன்சும் புல்தரையும் வைக்கிறோம். பார்க்க அழகுதான், தேனீக்குப் பட்டினி.

மாணவர்கள் வரும்போது

நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) 1969-ல் தொடங்கியது. இதில் சேர்ந்த மாணவர்கள் கிராமங்களில் 7 நாள் சிறப்பு முகாம் நடத்துகிறார்கள். அந்தப் பிள்ளைகள் குழி வெட்டுவார்கள், பாத்தி கட்டுவார்கள், செடி நடுவார்கள். எட்டாம் நாள் ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த கோடையில் பார்த்தால் குழி மட்டும் இருக்கும். பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. பிறகு யார் பொறுப்பு என்று ஊரில் யாரும் பேசி வைக்கவில்லை.

ஆகவே முகாம் தொடங்கும் முன்பே ஊராட்சித் தலைவர், முகாம் ஆசிரியர், நமது குழு மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

1. இடம்: பூங்காவில் வெயில் படும், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உள்ள ஒரு மூலை போதும்.

2. காலம்: மழை தொடங்கும்போது நட்டால் வேர் பிடிக்கும். மழை முடிந்து முகாம் நடந்தால், தண்ணீருக்கு வழி செய்துவிட்டு நடுங்கள்.

3. செடி: மேலே சொன்னவற்றோடு கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு வையுங்கள். கறிவேப்பிலை அழகி, வெந்தய வரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகள் இவற்றில் முட்டையிடும். உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சி வந்தாலும் அதை நட வேண்டாம். அது வெளிநாட்டிலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட செடி.

4. புழு: பூங்காச் செடியில் இலையைப் புழு தின்றால் பதறி மருந்து அடிக்காதீர்கள். அதுதான் நாளைய வண்ணத்துப்பூச்சி.

5. மண்: கொஞ்சம் இடம் சிமெண்ட் போடாமல் விடுங்கள். தனியாக வாழும் தேனீக்களில் பல மண்ணில்தான் வளை தோண்டும்.

6. பாதுகாப்பு: எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. மலைத்தேனீக் கூட்டின் அருகே பிள்ளைகளை விடாதீர்கள்.

நம் பங்கு

10 உறுப்பினர் உள்ள குழுவில் தினம் ஒருவர் என்று முறை வைத்தால், ஒருவருக்கு மாதம் 3 நாள்தான் வரும். ஒவ்வொருவரும் நாலு குடம் ஊற்றினால் செடி கோடையைத் தாண்டும். நம் வயலில் மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால், தேனீ பறக்கும் காலை நேரத்தில் அடிக்காமல் பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள்.

தேனீ வரும் வரை ஒரு கைவைத்தியம்: காலையில் அன்று பூத்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

- நம் ஊரில் சென்ற முறை நட்ட செடிகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன? போய் எண்ணிப் பாருங்கள்.
- சித்திரை, வைகாசியில் தண்ணீர் எங்கிருந்து வரும்?
- யார் யாருக்கு எந்த நாள்? பெயர் எழுதித் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

செடியை நட்டுக் கொடுக்கப் பிள்ளைகள் வருவார்கள். வளர்த்துக் காட்ட நாம் இருக்கிறோம்.