டீசல் லாரியில் கழிவு வாயுவின் உஷ்ணம்

மலைப்பாதையில் பாரம் ஏற்றிச் செல்லும் டீசல் லாரியின் ஓட்டுநர், தமக்கு முன்னாலுள்ள நீர் உஷ்ணமானியை அடிக்கடி பார்ப்பது வழக்கம். அதன் முள் நிலையாக நின்றால் இஞ்சினுக்கு அபாயமில்லை என்று அவர் கருதுகிறார். இது முற்றிலும் சரியன்று. இஞ்சினைச் சுற்றியோடும் நீர் சூடேறச் சில நிமிஷங்கள் பிடிக்கும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் உஷ்ணமோ சில வினாடிகளில் மிகுந்துவிடும். அந்த மாறுதலை உடனுக்குடன் காட்டவல்லது, சிலிண்டரைவிட்டு வெளியேறும் கழிவு வாயுவின் உஷ்ணமே ஆகும்.

உஷ்ணம் ஏறுவதன் காரணம்

பெட்ரோல் இஞ்சினில் காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சேர்கின்றன. டீசல் இஞ்சினில் பீச்சப்படும் எண்ணெயின் அளவை மாற்றியே சக்தியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறோம். ஒரு கிலோகிராம் டீசல் முழுவதும் எரியச் சுமார் 14.5 கிலோகிராம் காற்று வேண்டும். சாதாரண ஓட்டத்தில் இதைவிட மிகுதியான காற்று உள்ளே இருக்கும். அந்த மிகைக் காற்று வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். மிதியை அழுத்த அழுத்த எண்ணெய் பெருகுகிறது, மிகைக் காற்றின் விகிதம் குறைகிறது, உஷ்ணம் ஏறுகிறது.

பாரமின்றிச் சுழலும்போது 100 முதல் 200 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும் கழிவு வாயு, முழுப் பாரத்தில் 600 டிகிரியைத் தாண்டக்கூடும். டர்போசார்ஜரின் டர்பைனுக்கு முன்னால் ஏறக்குறைய 700 டிகிரி என்பது பல இஞ்சின்களில் எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுகிறது. திட்டமான எல்லையை அந்தந்த இஞ்சினின் கையேட்டிலேயே காணவேண்டும்.

தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியக் கலவை அதற்கு முன்பே வலுவிழந்துவிடும். எண்ணெயும் நீரும் வெப்பத்தை இடைவிடாது அகற்றுவதனாலேயே பிஸ்டன் நிலைத்திருக்கிறது. வந்து சேரும் வெப்பம் அகலும் வெப்பத்தை விஞ்சினால் பிஸ்டன் தலை விரிசலுறும் அல்லது உருகும். வால்வுகளும் டர்பைனும் கெடும்.

சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றின் அழுத்தம், கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. டர்போசார்ஜர் இல்லாத இஞ்சினில் அங்கும் அதே அளவு எண்ணெய் பீச்சப்பட்டால், கரும்புகை எழும். கழிவு வாயுவின் உஷ்ணமும் உயரும். டர்போசார்ஜர் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

அளக்கும் முறை

இருவேறு உலோகக் கம்பிகளின் இரு முனைகளையும் இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாக்கினால் மின்சாரம் பாயும். இதனை 1821-ஆம் ஆண்டில் சீபெக் கண்டார். இவ்வமைப்பே வெப்ப மின்னிரட்டை. கழிவு வாயுவை அளக்கப் பெரும்பாலும் குரோமெல், அலுமெல் என்னும் நிக்கல் கலவைக் கம்பிகள் பயன்படுகின்றன. ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டிற்கும் சுமார் 0.041 மில்லிவோல்ட் கிடைக்கும். 600 டிகிரிக்கு ஏறக்குறைய 25 மில்லிவோல்ட். இக்கருவி காட்டுவது இரு முனைகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டையே. ஆகவே குளிர்முனை 40 டிகிரியில் இருந்தால், அந்த 40-ஐயும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். தற்கால மானிகள் இத்திருத்தத்தைத் தாமே செய்துகொள்கின்றன.

உணர்முனை பொருத்தப்பட்ட இடமும் முக்கியம். டர்பைனைச் சுழற்றுவதில் வாயு தன் வெப்பத்தின் ஒரு பகுதியை இழக்கிறது. ஆதலால் பாரம் மிகுந்தபோது டர்பைனுக்குப் பின்னால் அளக்கும் அளவு 100 டிகிரிக்கு மேலும் குறைந்திருக்கலாம். எந்த இடத்தில் அளந்தது என்று குறிக்காத எண்ணால் பயனில்லை.

ஓட்டுநரும் பணிமனையாளரும் கவனிக்கவேண்டியவை

1. ஏற்றத்தில் உஷ்ணம் எல்லையை நெருங்கினால், மிதியைத் தளர்த்திக் கீழ்க் கியருக்கு மாறவேண்டும். அப்போது இஞ்சின் விரைந்து சுழலும். நிமிஷத்திற்கு உட்புகும் காற்று கூடும். ஒவ்வொரு பீச்சிலும் வேண்டிய எண்ணெய் குறையும்.

2. ஏற்றம் முடிந்தவுடன் இஞ்சினை நிறுத்தலாகாது. உஷ்ணம் இறங்கும்வரை பாரமின்றிச் சில நிமிஷங்கள் ஓடவிடவேண்டும். இன்றேல் டர்போசார்ஜரின் தாங்கியில் தங்கிய எண்ணெய் கருகிப் படியும்.

3. ஒரே பாதையில் ஒரே பாரத்துடன் செல்லும்போது காணும் உஷ்ணத்தை ஏட்டில் குறித்து வருக. அது நாளடைவில் உயர்ந்தால் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். காற்றுக் குழாயில் கசிவிருக்கலாம். எண்ணெய் பீச்சும் காலம் பிந்தியிருக்கலாம். நீரின் உஷ்ணம் மாறாதிருக்கும்போதே இக்குறைகள் இவ்வாறு புலப்படும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு இணங்கிய லாரிகளில், கரித்துகள் வடிகட்டியைக் கண்காணிக்க இத்தகைய உணர்கருவிகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுகின்றன. படிந்த கரியை எரிப்பதற்காக வடிகட்டியின் உஷ்ணம் வேண்டுமென்றே உயர்த்தப்படுவதுண்டு. அதனைக் கோளாறு என்று கொள்ளலாகாது.

வகுப்பறைப் பரிசோதனை

ஒரு கான்ஸ்டன்டன் கம்பியின் இரு முனைகளிலும் செப்புக் கம்பிகளை முறுக்கி இணைக்க. ஓர் இணைப்பை உருகும் பனிக்கட்டியிலும் மற்றதைக் கொதிநீரிலும் வைத்து, செப்புக் கம்பிகளை மில்லிவோல்ட் மானியுடன் சேர்க்க. கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் சுமார் 4.3 மில்லிவோல்ட் காணலாம். நீர் ஆற ஆற இவ்வளவு எவ்வாறு குறைகிறது என்பதை மாணவர்கள் வரைபடமாக்கினால், லாரியின் மானி பேசும் மொழி அவர்களுக்கு எளிதில் விளங்கும்.