உடப்புசல்லாவையிலிருந்து காட்டுக்கு நடக்கப் போவோருக்கு

கொழும்பிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால், தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "நாளைக்கு ஹோர்ட்டன் போவோமா?" பேர்போன இடம், கேட்கத்தான் செய்வார்கள். போகலாமா என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், கூட வருவது யார்?

ஹோர்ட்டன் சமவெளி காலை 6 மணிக்குத் திறக்கும். உலக முடிவு என்னும் செங்குத்து விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்க்க வேண்டுமானால் 9 மணிக்கு முன் அங்கே நிற்க வேண்டும். அதற்குப் பிறகு கீழிருந்து மூடுபனி ஏறிவிடும். 870 மீட்டர் ஆழம் என்கிறார்களே, கண்ணுக்கு ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். ராகலை, கந்தப்பளை தாண்டி நுவரெலியா போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே அதிகாலை மூன்றரை மணிக்கே வேன் ஏற வேண்டும். பஸ்ஸை நம்பி இந்தப் பயணம் சரிவராது. நானுஓயாவில் ரயில் பிடித்துப் பட்டிப்பொலவில் இறங்கினாலும், அங்கிருந்து வாசலுக்கு ஏற்றம் நீளமானது. இரண்டு குடும்பம் சேர்ந்து வேன் பேசினால் கைக்கு அடங்கும்.

உள்ளே சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் மூன்று, நான்கு மணி நேரம். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி எல்லாம் இதிலேயே வந்துவிடும். 2,100 மீட்டர் உயரம் என்பதால் மூச்சு வாங்கும்; முழங்கால் வலிக்காரர்களுக்கு நீர்வீழ்ச்சிப் பக்கத்து இறக்கம் பெரும்பாடு. வாசலில் பைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். பிஸ்கட் பொதியின் பொலித்தீன் உறை, தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபல் வரை கழற்றி எடுத்துவிடுவார்கள். இதற்கு முகம் சுளிக்கத் தேவையில்லை. வாகனத் தரிப்பிடத்தில் வந்து நிற்கும் மரைகள் மனிதர் போடுவதையெல்லாம் தின்னும். ரொட்டியும் சம்பலும் டப்பாவில் கொண்டுபோனால் பிரச்சினையே இல்லை. மரைக்கு மட்டும் நீட்டாதீர்கள்.

இவ்வளவு சிரமத்துக்கும் ஹோர்ட்டன் தகுதியானதுதான். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்று அந்த மேட்டு நிலம். 1988இல் தேசியப் பூங்காவானது, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மத்திய மலைநாட்டிலும் ஒரு பகுதி. ஒன்று சொல்ல வேண்டும்: உலக முடிவின் விளிம்பில் நின்று, டிக்கட் வாங்கி நாம் குனிந்து பார்ப்பதில் ஒரு தேயிலைத் தோட்டமும் அடங்கும். லயத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் காட்சி கொஞ்சம் வேடிக்கைதான்.

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தால் நான் சொல்வது கல்வேஸ் லேண்ட். நுவரெலியா டவுனிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். 1938இல் சரணாலயமாக ஒதுக்கப்பட்ட மலைக்காடு, 2006இல் தேசியப் பூங்காவாகியது. 30 ஹெக்டேயர் கூட இல்லை, ஆட்டோவிலேயே போய்விடலாம். அகலக் காட்சி எதுவும் கிடைக்காது. பாசி பிடித்த கிளைகளுக்கு நடுவே ஒரு மணி நேர நடை, அவ்வளவுதான். ஆனால் குருவி பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது புதையல்: மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, இலங்கை வெள்ளைக்கண்ணி போல இந்தத் தீவில் மட்டுமே வாழ்பவை இங்கே உண்டு. மாரிகாலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் இமயத்திலிருந்து வந்து தங்கும். பேசாமல் நடக்கத் தெரிந்தவர்களோடு போங்கள். போர்ட்டபிள் ஸ்பீக்கர் கொண்டுவரும் மருமகனை விக்டோரியா பூங்காவில் விட்டுவிட்டுப் போவது நல்லது.

ஹக்கல தாவரவியல் பூங்காவையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். பூ பார்க்க அருமையான இடம், 1861இல் சின்கோனா வளர்க்கத் தொடங்கியது. காட்டு நடை என்று எண்ணிப் போகாதீர்கள். அதற்குப் பின்னால் எழும் மலைக்காடு கடும் இயற்கை ஒதுக்கம். உல்லாசப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது.

மூன்றாவது வழி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீட்டருக்கு மேல் 22 கட்டங்களாக ஓடும் பெக்கோ நடைபாதை, லுணுவத்தைப் பக்கமிருந்து உடப்புசல்லாவைக்கு வந்து, கந்தப்பளை வழியாக நுவரெலியா பீட்ரு தோட்டத்தில் முடிகிறது. வெள்ளைக்காரர்கள் முதுகில் பையோடு போவதைப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்துப் பழைய ரோட்டுகளும் குறுக்குகளும்தான் அது. நம் பாட்டன்மார் கூடை சுமந்த வழி. முழுக் கட்டம் நடக்க ஒரு நாள் வேண்டும். பாதி நடந்து, பஸ் ரோட்டில் ஏறித் திரும்புவதில் தப்பில்லை.

இதற்குக் காலம் பார்ப்பது முக்கியம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஹட்டன் பக்கம் மழையில் நனையும்போது இங்கே காய்ந்த காற்று வீசும். உடப்புசல்லாவைத் தேயிலை வாசம் ஏறுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் ஹோர்ட்டனை விட்டுவிட்டு பெக்கோ நடைபாதையைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஹோர்ட்டன். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் மழை, கூடவே மண்சரிவு. சரிவுப் பாதைகளில் இறங்காதீர்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியா டவுனையே தாண்ட முடியாது.

அட்டைக்குச் சவர்க்காரத்தை நனைத்துக் கணுக்காலிலும் காலுறையிலும் தேய்த்துக்கொள்ளுங்கள். குளவிதான் உண்மையான ஆபத்து. கொழுந்து பறிப்பவர்கள் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி அடிக்கடி வருவதுதான். மரத்தில் கூடு தொங்கினால் கல்லெறியாமல், சத்தம் போடாமல் சுற்றிப் போங்கள். இருட்டுவதற்குள் ரோட்டுக்கு வந்துவிடுங்கள், சிறுத்தை நடமாட்டமுள்ள மலைகள் இவை. மலைக்குள் இறங்குமுன் அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால், மருந்தடிக்கும் மலை எது, குளவிக்கூடு எங்கே என்று சொல்லிவிடுவார்கள்.

அவர்களைப் படம் பிடிக்க நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரமென்றால் கூடையோடு வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.