வரம்பிலா வேந்தனும் இக்காலச் சர்வாதிகாரியும்

முற்காலத்து எதேச்சாதிகார மன்னனையும் இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரியையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் புறத்தோற்றத்தையே எடுத்துக்காட்டுவர். வேர்சேய் மாளிகையின் பகட்டினையும் நூரன்பேர்க் நகரத்துக் கட்சிப் பேரணிகளையும் அருகருகே வைத்தல் எளிது. ஆயின் ஆடம்பரம் நல்லரசர்க்கும் உண்டு. கொடுமை சிற்றரசர்க்கும் உண்டு. ஆள்வோனை நோக்கி 'இது தகாது' என முறைப்படி கூறும் உரிமையுடைய அவை ஏதேனும் நாட்டில் எஞ்சியிருந்ததா என்று வினவுவோமாயின் ஒப்புமையும் வேற்றுமையும் ஒருங்கே புலனாகும்.

பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி 1643இல், நான்கு வயதில், அரசுரிமை எய்தினான். 1661இல் மசரின் இறந்தபின் முதலமைச்சர் என ஒருவரையும் நியமியாது தானே ஆளத் தொடங்கினான். 'அரசு என்பது நானே' என அவன் கூறியதாக நூல்கள் பல எழுதுகின்றன. அதற்கு நம்பத்தக்க சான்றில்லை. மாணவர் அதனை விடைத்தாளில் எழுதாதிருத்தல் நன்று. அவன் செயல்களே போதிய சான்றாகும். 1614இல் கூடிய குலப்பிரிவுகளின் பேரவை அவன் ஆட்சி முழுவதிலும் ஒருமுறையேனும் கூட்டப்படவில்லை. பாரிஸ் உயர்நீதிமன்றமோ அரச கட்டளைகளைப் பதிவு செய்யுமுன் மறுப்புரை எழுதியனுப்பும் உரிமை பெற்றிருந்தது. 1673இல் லூயி அம்முறையை மாற்றினான். முதலிற் பதிவு செய்க, மறுப்பிருப்பின் பின்னர்க் கூறுக என்றான். பதிவானதும் கட்டளை சட்டமாகிவிடுமாதலின், பின்வரும் மறுப்பாற் பயனில்லை. வாயை அடைக்காமலே சொல்லைப் பயனற்றதாக்கிய திறம் இஃது. விசாரணையின்றி ஒருவனைச் சிறையிலிடுதற்கோ அரச முத்திரையிட்ட கடிதம் ஒன்றே போதியதாயிருந்தது.

இனி ஜேர்மனியை நோக்குவோம். ஹிட்லர் வாள்கொண்டு அரசைக் கைப்பற்றினானல்லன். குடியரசுத் தலைவர் ஹின்டன்பேர்க் அவனை 1933 ஜனவரி 30இல் முறைப்படி சான்சலராக நியமித்தார். பெப்ரவரி 27இல் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே குடியுரிமைகளை நிறுத்திவைக்கும் கட்டளை பிறந்தது. 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் மாந்தர் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். லூயியின் முத்திரைக் கடிதமும் இதுவும் தன்மையால் ஒன்றே, தொகையாலோ ஒப்பிடற்கரியன.

அவ்வாண்டு மார்ச் 23இல் நிகழ்ந்ததை வரலாறு பயில்வோர் ஊன்றி நோக்குதல் வேண்டும். பாராளுமன்றமின்றியே சட்டமியற்றும் அதிகாரத்தை அமைச்சரவைக்கு வழங்கும் மசோதா அன்று அப்பாராளுமன்றத்தின் முன்னரே வைக்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேவை. பொதுவுடைமைக் கட்சியினர் அமரவிடப்படவில்லை; சீருடையணிந்த கட்சிப் படையினர் மண்டபத்தில் வரிசையாக நின்றனர். ஆதரவாக 444 வாக்குகளும் எதிராக 94 வாக்குகளும் கிடைத்தன. எதிர்த்தவை யாவும் சமூக சனநாயகக் கட்சியின் வாக்குகளே. அக்கட்சித் தலைவர் ஒற்றோ வெல்ஸ் அந்நிலையிலும் எழுந்து எதிர்த்துரைத்தார். கத்தோலிக்கரின் மத்திய கட்சியோ வாக்குறுதிகளை நம்பி ஆதரித்தது. நான்கு மாதமாகுமுன் அக்கட்சியும் இல்லாதொழிந்தது. ஜூலை 14இல் நாற்சிக் கட்சியன்றிப் பிற கட்சி எதுவும் சட்டவிரோதமாயிற்று.

லூயி அவைகளை வலுவிழக்கச் செய்தான். ஹிட்லர் அவையின் வாக்கைக்கொண்டே அவையை வெறுங்கூடாக்கினான். இவ்வேறுபாட்டின் காரணம் உரிமையின் ஊற்றிலே உளது. மன்னனுடைய பட்டம் மரபால் வந்தது. அம்மரபே நீதிமன்றங்களுக்கும் திருச்சபைக்கும் குலப்பிரிவுகளுக்கும் இடமளித்தது. அவற்றை வேரோடு களைவானாயின் தன் அரியணையின் அடித்தளத்தையே அவன் பெயர்த்தவனாவான். சர்வாதிகாரிக்கு அத்தகைய தடையில்லை. ஆயின் மரபு அளிக்கும் உறுதியும் அவனுக்கில்லை. ஆதலின் மக்களின் ஒப்புதலை அவன் மீண்டும் மீண்டும் காட்டவேண்டியவனானான். 1934 ஓகஸ்ட் 2இல் ஹின்டன்பேர்க் இறந்தவுடன் இரு பதவிகளும் ஒன்றாக்கப்பட்டன. படையினர் ஹிட்லரின் பெயர்சொல்லிச் சத்தியம் செய்தனர். அதன் பின்னரும் ஓகஸ்ட் 19இல் மக்கள் வாக்கு எடுக்கப்பட்டு, ஏறக்குறைய நூற்றுக்கு 90 வீதத்தினர் ஒப்பினர் என அறிவிக்கப்பட்டது. மலிவான வானொலிப் பெட்டிகள் வீடுதோறும் பரப்பப்பட்டமையும் இந்நோக்கத்தாலேயே. லூயியின் குடிமகன் வாளாவிருந்தாற் போதும். ஹிட்லரின் குடிமகன் ஆரவாரமும் செய்தல் வேண்டும்.

இத்தாலியின் கதை இதற்கு நல்ல துணைச்சான்று. முசோலினி 1922 முதல் ஆண்டபோதும் அரச பதவியை ஒழித்தானல்லன். ஆதலின் 1943 ஜூலையில் அவனுடைய கட்சிப் பேரவையே அவனுக்கெதிராக வாக்களித்தபோது, அவனை நீக்குதற்கு உரிய ஒருவர் நாட்டிலிருந்தார். மன்னர் விக்டர் இமானுவேல் அவனைப் பதவி நீக்கிக் கைது செய்வித்தார். அவ்வாண்டில் ஹிட்லரை நீக்கவல்ல பதவியோ அவையோ ஜேர்மனியில் இல்லை. எதிர்த்தோர்க்கு 1944 ஜூலையில் வெடிகுண்டு ஒன்றே வழியாயிற்று.

இருவர்தம் மரண சாசனங்களும் நோக்கத்தக்கன. லூயி 1715 செப்ரெம்பர் 1இல் இறந்தான். ஐந்து வயதுக் கொள்ளுப்பேரன் சார்பில் ஆளவேண்டிய ஒர்லியன்சுக் கோமகனின் அதிகாரத்தை அவன் தன் சாசனத்திற் குறைத்திருந்தான். மறுநாளே பாரிஸ் நீதிமன்றம் கூடி அவ்வேற்பாட்டைத் தள்ளியது. 1673இல் இழந்த மறுப்புரிமையையும் அம்மாதத்திலேயே மீளப் பெற்றது. ஹிட்லர் 1945 ஏப்ரல் 29இல் எழுதிய சாசனத்திற் கடற்படைத் தளபதி டேனிற்சைக் குடியரசுத் தலைவராக்கினான். அதனைத் தள்ளவோ கொள்ளவோ ஓர் அவையும் அங்கிருக்கவில்லை. மே 23இல் பிரித்தானியப் படையினர் டேனிற்சையும் அவருடன் இருந்தோரையும் கைது செய்தபோது அவ்வரசு முடிவுற்றது.