கணவர் கட்டாரில், மனைவி கடையில்: வரிக் கோவை யாருக்கு?

"நானா, பிள்ளைகளின் வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அங்கே சம்பளத்துக்கு வரி கிடையாது. அவர் அனுப்பும் காசுக்கு நான் ஏன் இங்கே கணக்குக் காட்ட வேண்டும்?"

ஊரில் புடவைக் கடை நடத்தும் ஒரு சகோதரி, இறைவரித் திணைக்களத்தின் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் இப்படிக் கேட்டார். அவரது நடைமுறைக் கணக்கில் ஒரு வருடத்தில் விழுந்த தொகை முழுவதற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். அதில் கடை விற்பனைப் பணமும் இருந்தது, கணவர் அனுப்பிய பணமும் இருந்தது. எது எதுவென்று பிரித்துக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் சவூதியில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் அனுப்பிய காசும் கடைக் காசும் ஒரே கணக்கில் கலந்தன. பின்னர் அதைப் பிரிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனவே இரண்டு நாடுகளில் உழைக்கும் தம்பதியர் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்களை இவ்வாரம் பார்ப்போம்.

1. இருவருக்கும் இரண்டு கோவைகள்

அமெரிக்காவில் கணவனும் மனைவியும் விரும்பினால் ஒரே விபரத்திரட்டைக் கூட்டாகச் சமர்ப்பிக்கலாம். இலங்கையில் அப்படியில்லை. இங்கே கணவர் வேறு வரியிறுப்பாளர், மனைவி வேறு வரியிறுப்பாளர். மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்பது நமக்குப் புதிய பாடமல்ல. ஆனால் கணக்கு எழுதும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

இதில் காசும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவரின் வருடாந்தத் தனிப்பட்ட நிவாரணம் 18 இலட்சம் ரூபா. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24 வீதம் என வரி ஏறிச் சென்று 36 வீதத்தில் நிற்கிறது.

ஓர் உதாரணம். மனைவியின் கடை இலாபம் 30 இலட்சம். கணவரின் பெயரிலுள்ள வீட்டின் வாடகை, கழிவுகள் போக 7 இலட்சம். தனித்தனியே காட்டினால் மனைவிக்கு நிவாரணம் போக 12 இலட்சத்துக்கு வரி: 60,000 உடன் 36,000 சேர்த்து 96,000 ரூபா. கணவர் வதியாதவராக இருந்தாலும் இலங்கைப் பிரஜை என்பதால் அவருக்கும் அந்த நிவாரணம் உண்டு. வேறு வருமானம் இங்கே இல்லையென்றால் அவருக்கு வரி வராது. வாடகையை வாங்குபவர் மனைவிதானே என்று அதையும் அவரது கோவையில் போட்டால் வரி 246,000 ரூபா ஆகிவிடும். ஒன்றரை இலட்சம் வீணாகப் போகிறது.

இதையே தலைகீழாகச் செய்யவும் கூடாது. மனைவியின் கடை இலாபத்தைக் கணவரின் பெயரில் எழுதுவது சிக்கனமல்ல, பொய்க் கணக்கு.

2. வதிபவரா, வதியாதவரா?

வதிபவருக்கு உலகில் எங்கே உழைத்த வருமானமும் கணக்கில் வரும். வதியாதவருக்கு இலங்கையில் எழும் வருமானம் மாத்திரமே வரும். கட்டாரில் வரி இல்லை என்பது இந்தக் கேள்விக்கு விடையாகாது. இங்கே பார்க்கப்படுவது நாட்கள்.

12 மாத காலமொன்றில் மொத்தம் 183 நாட்கள் இலங்கையில் இருந்தால் அவர் வதிபவர். பலர் ஏப்ரல் முதல் மார்ச் வரை மட்டும் எண்ணுகிறார்கள். அது பிழை. மதிப்பீட்டாண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் எந்த 12 மாத காலமும் பார்க்கப்படும். ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்து வந்து, ஆகஸ்ட் வரை ஊரில் தங்குபவர் மார்ச்சில் முடியும் ஆண்டுக்கும் வதிபவராகக் கொள்ளப்படலாம். கடவுச்சீட்டில் வருகை, புறப்பாட்டு முத்திரையுள்ள பக்கங்களைப் பிரதி எடுத்து வையுங்கள்.

வதிபவராகிவிட்டால், வெளிநாட்டில் வரி கட்டியிருப்பின் அதற்குரிய வரவைக் கோர இடமுண்டு. வெளிநாட்டு நாணயமாக வரும் வருமானத்துக்கான சலுகைகள் 2025 ஏப்ரலில் மாறியுள்ளன. எனவே இந்த இடத்தில் ஒரு கணக்காளரைக் கேட்டுச் செய்வதே நல்லது.

3. அனுப்பும் பணத்துக்குத் தனி வழி

குடும்பச் செலவுக்குக் கணவர் அனுப்பும் பணம் மனைவியின் வருமானமல்ல. ஆனால் அது அப்படித்தான் வந்தது என்று காட்ட வேண்டியவர் மனைவி. காட்ட முடியாவிட்டால் அதுவும் கடை விற்பனையாகவே பார்க்கப்படும் ஆபத்து இருக்கிறது.

எனவே கடைக்கு ஒரு கணக்கு, குடும்பத்துக்கு வேறொரு கணக்கு வையுங்கள். பணம் வங்கி மூலமே வரட்டும். உண்டியலில் வரும் காசுக்கு நாலு ரூபா கூடக் கிடைக்கலாம், ஆனால் பற்றுச்சீட்டுக் கிடைக்காது. கணவரின் பணத்தைக் கடை முதலாகப் போட்டால் திகதியையும் தொகையையும் கொப்பியில் அன்றே எழுதுங்கள். கணவரின் தொழில் ஒப்பந்தம், சம்பளச் சான்று, வங்கிச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோவையில் போட்டு 5 வருடங்களுக்குக் குறையாமல் வைத்திருங்கள்.

4. திகதிகளை மறவாதீர்கள்

மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. தவணைக் கொடுப்பனவுகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய தினங்களில். மீதி வரி செப்டெம்பர் 30 இல். விபரத்திரட்டு நவம்பர் 30 இல். அதனை இணையம் மூலம் சமர்ப்பிக்கலாம் என்பதால் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது தாமதத்துக்குக் காரணமாகாது.

அந்தச் சகோதரியின் கணவர் கட்டாரிலிருந்து பழைய வங்கிச் சீட்டுகளைத் தேடி அனுப்பினார். பெரும்பகுதி சரிவந்தது. உண்டியலில் வந்த தொகைக்கு மட்டும் காட்ட ஒன்றுமில்லை. கணவர் வெயிலில் நின்று உழைத்த காசு அது. அது அவருடைய உழைப்பு என்று சொல்ல ஒரு சீட்டு இல்லாமற் போனதுதான் அவருக்குப் பெரிய கவலை. உங்கள் வீட்டில் அந்த நிலை வராமலிருக்க, இன்றைக்கே இரண்டாவது வங்கிக் கணக்கைத் திறந்துவிடுங்கள்.