வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற வெளிச்சம்

வன்னியில் மீள்குடியேறிய கிராமமொன்றில், வீட்டு வளவிலேயே சிறு பட்டறை போட்டுத் தச்சு வேலை செய்யும் ஒருவரிடம் ஓர் இரவு சென்றிருந்தோம். பத்தடி அகலம், பதினைந்தடி நீளம், மேலே தகரம். நடுத் தீராந்தியில் ஒரேயொரு மின்குமிழ். வேலை மேசை சுவரோடு ஒட்டியிருந்தது. அவர் சுவரைப் பார்த்து நிற்க, விளக்கோ அவருடைய முதுகுக்குப் பின்னால் எரிந்தது. பென்சிலால் கோடு இழுக்கும் இடத்தில் அவருடைய தலையின் நிழலே விழுந்துகொண்டிருந்தது.

“கண் முந்தின மாதிரி இல்லைச் சுவாமி. இரவிலை அறுத்தால் கோடு தப்பிப் போகுது” என்றார்.

கண்ணாடி வாங்கவும் எண்ணியிருந்தார். நாம் அந்த விளக்கை ஒரு நீள வயரில் இழுத்து, மேசைக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டோம். கோடு தெரிந்தது. கண்ணில் குறை இல்லை என்று சொல்ல நாம் கண் வைத்தியர் அல்லர். வயது ஏற ஏறக் கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படும் என்பதும் உண்மையே. ஆனால் கண்ணைக் குறை கூறுமுன் விளக்கு தொங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

சுயதொழில் செய்வோர் பலர் விளக்கு வாங்கும்போது “எத்தனை வாற்று?” என்றே கேட்கின்றனர். வாற்று என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவு அன்று. ஒளியை லுமன் என்னும் அலகால் அளப்பர். இன்று விளக்குப் பெட்டிகளில் இரண்டையும் அச்சிட்டிருப்பார்கள். பழைய 60 வாற்று இழைக்குமிழ் ஏறக்குறைய 700 லுமன் தந்தது. இன்றைய 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் 800 லுமன் வரை தருகின்றது. நான்கடிக் குழல் விளக்கு, அதாவது எமது ஊர்களில் ‘டியூப் லைற்’ எனப்படுவது, 36 வாற்று என்று எழுதப்பட்டிருந்தாலும், அதன் சோக் உண்பதையும் சேர்த்தால் 45 வாற்று அளவில் எடுத்துக்கொண்டு, சாதாரண வகையில் 2500 லுமன் தரும். அதே நீளமுள்ள 20 வாற்று எல்.ஈ.டி. குழல் 2000 லுமன் தரும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு லுமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். தச்சுப்பட்டறைக்கு 300 லக்ஸ் அளவு வேண்டும். நுண்ணிய வேலைக்கு 500 லக்ஸும் அதற்கு மேலும் வேண்டும். நாம் சென்ற பட்டறையின் பரப்பு 150 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 14 சதுர மீற்றர். 300 ஐ 14 ஆல் பெருக்கினால் 4200 லுமன். ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் மேசைக்கு வந்து சேர்வதில்லை. சுவரும் கூரையும் தூசியும் பாதியை விழுங்கிவிடும் என்று கொள்வது பொருத்தம். ஆகவே 8400 லுமன் வேண்டும், நான்கு எல்.ஈ.டி. குழல்கள் அதற்கு ஏறக்குறைய ஈடாகும். அந்தத் தச்சரின் ஒற்றைக் குமிழை இதே முறையில் கணக்கிட்டால் 30 லக்ஸ் கூடத் தேறாது!

நான்கு விளக்கா என்று மலைக்க வேண்டாம். நான்கும் சேர்ந்து 80 வாற்று; இரவில் நான்கு மணித்தியாலம் எரித்தால் மாதத்துக்குப் பத்து அலகுக்குள் அடங்கும். அதே ஒளியைச் சோக் வைத்த பழைய குழல்களில் பெற மாதம் 16 அலகு செல்லும். இழைக்குமிழில் பெறுவதாயின் பதினொரு குமிழும் 79 அலகும் வேண்டும். வீட்டுக் கட்டணம் அலகு கூடக்கூட மேற்படிக்கு ஏறும் முறையில் அமைந்திருப்பதால், இந்த வேறுபாடு பணத்தில் இன்னும் பெரிதாகவே தெரியும். இரண்டு குழல்களை மேசைக்கு மேலும், மற்ற இரண்டைப் பட்டறையின் மறுபாதியிலும் பூட்டித் தனித்தனி சுவிச் வைத்தால், மேசையில் மட்டும் வேலை நடக்கும் இரவில் செலவு பாதியாகும். சுவர்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் விளக்கு வாங்குவதற்கு ஒப்பான வேலைதான்.

குழலை மேசையின் நீளத்துக்கு இணையாக, தச்சரின் தலைக்குச் சற்று முன்னே பூட்ட வேண்டும். நீண்ட விளக்கானதால் கையின் நிழல் கறுத்து விழாது. பலகையை நிமிர்த்தித் திருப்பும்போது தட்டுப்படாத உயரம் வேண்டும். அதே நேரம் தகரத்தோடு ஒட்டியும் பூட்டக்கூடாது. எல்.ஈ.டி.யின் உள்ளே இருக்கும் மின்னணுப் பாகங்களுக்கு வெப்பமே எமன். நண்பகலில் எமது தகரக் கூரை எப்படிக் கொதிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஓரடியாவது கீழே தொங்கவிடுதல் நன்று. மேல் வெளிச்சம் எவ்வளவு நன்றாயினும் ஒன்றைக் காட்டாது: சீவிய பலகையில் எஞ்சிய கீறலை. அதற்குப் பக்கவாட்டில் தாழ்வாக ஒரு சிறு விளக்கு வேண்டும். பழைய தச்சர்கள் பலகையை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பார்ப்பது இதற்காகவே.

கடைசல் பொறியோ வட்டவாளோ வைத்திருப்போர் அடுத்த விடயத்தைக் கவனமாக வாசிக்கவும். எமது மின்சாரம் செக்கனுக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே சோக் வைத்த குழல் விளக்கு செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி ஒளிர்கின்றது. எமது கண் அதை உணர்வதில்லை. நாற்காலிக் கால் கடைவதற்காக ஒரு சதுரக் கட்டை நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது செக்கனுக்கு 25 சுற்று, சுழல்வதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஒளிர்வுக்கும் இடையில் அது சரியாகக் கால் சுற்றுச் சுற்றும். முதலாம் மூலை இருந்த இடத்தில் அடுத்த மூலை வந்து நிற்கும். பார்ப்பவருக்குக் கட்டை அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். 1440 சுற்றாயின் மெல்லப் பின்னோக்கி உருள்வதுபோலத் தெரியும். பொறி நின்றுவிட்டதென எண்ணி ஒருவர் கையை வைத்தால் என்னவாகும் என்பதை நாம் விவரிக்கத் தேவையில்லை. முன்னாளில் இதற்காகவே பொறிக்கு அருகில் ஓர் இழைக்குமிழையும் எரிப்பார்கள். சூடான இழை அவ்வளவு விரைவில் மங்காது.

எல்.ஈ.டி. வாங்கினால் இந்த ஆபத்து நீங்கிவிட்டதென்று எண்ணிவிடலாகாது. மலிவான சில வகைகளும் இவ்வாறே துடிக்கின்றன. சோதிப்பது எளிது. விளக்கின் கீழ் ஒரு வெள்ளைக் குச்சியை விரைவாக ஆட்டிப் பாருங்கள். ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது. பல குச்சிகள் தனித்தனியே தெரிந்தால் அந்த விளக்கைப் பொறிக்கு மேலே பூட்ட வேண்டாம். கைத்தொலைபேசியின் கமராவில் கறுத்த பட்டைகள் ஓடுவதும் இதே குறியே. கடையில் எரித்துக் காட்டும்போதே இதைச் செய்து பார்க்கலாம். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பழைய குழல்களில் பாதரசம் உண்டு. உடைத்து வளவில் எறியாதீர்கள், குழந்தைகள் விளையாடும் இடம். மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, 2027 முடிவோடு இத்தகைய குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்துவதெனத் தீர்மானித்துள்ளன. எனவே புதுப் பட்டறைக்கு அவற்றை வாங்குவது வீண். இருக்கும் பழைய பூட்டிலேயே எல்.ஈ.டி. குழலைப் போடுவதாயின், ஸ்ரார்ட்டரை மாற்றுவதா, சோக்கைக் கழற்றி வயரை மாற்றுவதா என்பது குழலுக்குக் குழல் வேறுபடும். பெட்டியில் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்து, தகுதிபெற்ற மின் வேலையாளைக் கொண்டே செய்விக்கவும்.

நான்கையும் ஒரேயடியாக வாங்கப் பணம் இல்லாதவர் முதலில் மேசைக்கு மேலே ஒன்றைப் பூட்டட்டும். அந்தத் தச்சரும் அப்படியே தொடங்கினார். இரண்டாவது குழலை இரண்டு கதவுகள் விற்ற பின்னர் வாங்கினார். கிழமைக்கு ஒருமுறை, சுவிச்சை நிறுத்தி, உலர்ந்த துணியால் மரத்தூளைத் துடைத்துவிடுகிறார்.