சேற்று வயலில் கேஜ் வீல்: மாட்டுவதும் கழற்றுவதும்

சேற்றுழவுக்காக டிராக்டரின் பின் டயரோடு கேஜ் வீல் மாட்டும்போது, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பிரேக்கைப் பூட்டிவிடுங்க. போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கணும். கொஞ்ச நேரம் ஓட்டியதும் நிறுத்தி இன்னொரு தடவை இறுக்குங்க.

வண்டி புதைந்தால்தான் ஆபத்து. “வீலில் ஒரு கட்டையைக் கட்டிவிட்டா ஏறிடும்” என்பார்கள்; அதை மட்டும் செய்யாதீங்க. சக்கரம் சுற்ற முடியாமல் போனால், இன்ஜினின் விசை பின் அச்சைச் சுற்றி வண்டியையே தூக்கும். முன்பக்கம் எழும்பி, ஓரிரு நொடியில் ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்துவிடும். ரோட்டவேட்டரை நிறுத்திவிட்டு மெதுவாகப் பின்னால் எடுத்துப் பாருங்க. வராவிட்டால் இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்க.

வேலை முடிந்ததும் வயல் ஓரத்திலேயே கழற்றிடுங்க. கேஜ் வீலோடு போனால் தார் ரோடு பெயர்ந்துவிடும். வாடகைக்கு இயந்திரம் வேண்டுவோர், வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம்.